தராசோடு மல்லுக்கட்டாதீங்க!

குத்துச்சண்டை வீரர் யாரோடு சண்டை போடுவார்?

"இதென்ன டாக்டர் கேள்வி? எதிரே நிற்கிறவரோடுதான்!" என்பீர்கள். அது பாதி உண்மைதான். குறைந்த எடைப் பிரிவுகளில் விளையாடுகிற பலருக்கு முதல் சண்டை தராசோடுதான். அந்தச் சண்டையில் அடிபட்டவர்கள் நிஜச் சண்டையில் எழுந்து நிற்க முடியாமல் போன கதைகள் ஏராளம்.

'சித்த மருத்துவருக்கும் குத்துச்சண்டைக்கும் என்ன சம்பந்தம்?' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. சம்பந்தம் இருக்கிறது. எடையைக் குறைக்க வேண்டும் என்று என்னிடம் வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர், அந்த வீரர்கள் செய்கிற அதே தப்பைத்தான் வீட்டில் செய்கிறார்கள். அதனால் ஒரு உலக சாம்பியனின் கதையை இன்றைக்குச் சொல்லப் போகிறேன். அவர் பெயர் மேனி பாக்கியாவ். பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரர். எட்டு எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்ற ஒரே குத்துச்சண்டை வீரர்.

பையில் போட்ட பாரம்

பாக்கியாவ் 1978 டிசம்பர் 17-ல் பிறந்தவர். ஜெனரல் சாண்டோஸ் என்ற ஊரில் வறுமையில் வளர்ந்தார். சின்னப் பையனாகவே வீட்டை விட்டு மணிலாவுக்குப் போனார். 1995 ஜனவரியில், 16 வயதில், பணத்துக்காகச் சண்டை போட மேடை ஏறினார். அப்போது அவர் எடை 98 பவுண்டு, அதாவது சுமார் 44 கிலோ! மேடை ஏறுவதற்குத் தேவையான எடைகூட உடம்பில் இல்லை. அதனால் பையில் பாரத்தைப் போட்டுக்கொண்டு தராசில் ஏறினாராம். இதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

வயிற்றில் போட வேண்டியதைப் பையில் போட்ட பிள்ளை. கேட்கும்போதே மனசு என்னவோ செய்கிறது, இல்லையா?

அடுத்த வருஷம் கதை தலைகீழானது. பதினேழு வயசுப் பையனுக்குக் கொஞ்சம் சாப்பாடு கிடைத்தால் உடம்பு வளரத்தானே செய்யும்? 1996 பிப்ரவரியில் ரஸ்டிகோ டோரேகாம்போ என்பவரோடு சண்டை. தராசில் எடை கூடுதலாகக் காட்டிவிட்டது. அதற்குத் தண்டனையாகக் கனமான கையுறை போட்டுக்கொண்டு ஆட வேண்டியதாயிற்று. மூன்றாவது சுற்றில் விழுந்தார். அதுதான் அவருடைய முதல் தோல்வி.

1998 டிசம்பரில் தாய்லாந்து போய், அங்குள்ள சாட்சாய் சாசகுலை வீழ்த்தி, ஃப்ளைவெயிட் பிரிவில் உலக சாம்பியன் ஆனார். ஃப்ளை என்றால் ஈ. 112 பவுண்டு, சுமார் 50.8 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. இருபது வயசு நிறைய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஊரே கொண்டாடியது. ஆனால் உடம்பு கொண்டாடவில்லை. அது வளர்ந்துகொண்டே இருந்தது. 112 என்ற எண் மட்டும் வளரவில்லை!

1999 செப்டம்பரில் தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராத் நகரில் மெட்கோன் சிங்சுராத்தோடு மோதினார். தராசில் ஏறினால் 113 பவுண்டு. ஒரே ஒரு பவுண்டு கூடுதல். நம்ம கணக்கில் அரைக் கிலோகூட இல்லை. சண்டை தொடங்குவதற்கு முன்பே, தராசின் மேலேயே உலகப் பட்டம் பறிபோனது. அது போகட்டும். எடைக்காகக் காய்ந்த உடம்போடு மேடை ஏறினவர், மூன்றாவது சுற்றில் வயிற்றில் ஒரு குத்து வாங்கி விழுந்தார். எழவில்லை.

கவனியுங்கள். முதல் இரண்டு தோல்விகளும் எடைத் தகராறு நடந்த நாட்களில்தான். அந்த இரண்டு நாளும் எதிராளிக்கு முன்னாலேயே தராசு அவரை அடித்துவிட்டது என்பதுதான் என் கட்சி.

உடம்புக்கு விட்டுக்கொடுத்தபோது

அதற்குப் பிறகு அவர் எடுத்த முடிவுதான் முக்கியம். நாலு நாள் கூடுதலாகப் பட்டினி கிடந்து மறுபடி 112-க்கு வர முயற்சி செய்யவில்லை. நடுவில் உள்ள இரண்டு பிரிவுகளைத் தாண்டி, 122 பவுண்டுப் பிரிவுக்கே போய்விட்டார். ஒரே தாவலில் பத்துப் பவுண்டு! 'பெரிய ஆட்களிடம் மாட்டி அடிபடப் போகிறான்' என்றுதானே தோன்றும்? நடந்தது வேறு. 2001 ஜூன் மாதம் வேறொருவருக்குப் பதிலாக, இரண்டே வார அவகாசத்தில் அமெரிக்காவின் லாஸ் வேகஸ் போனார். தென்னாப்பிரிக்காவின் லெட்வாபாவை ஆறாவது சுற்றில் சாய்த்து, அந்தப் பிரிவிலும் உலக சாம்பியன் ஆனார்.

அதன் பிறகு படிப்படியாக மேலே போனார். 2010-க்குள் எட்டுப் பிரிவுகள். 2019-ல், நாற்பது வயதில், 147 பவுண்டுப் பிரிவில் கீத் தர்மனை வென்றார். 2025 ஜூலையில், 46 வயதில், மரியோ பாரியோஸோடு பன்னிரண்டு சுற்று ஆடிச் சமன் செய்தார். பட்டினி கிடந்த இருபது வயசு உடம்பு மூன்று சுற்றில் விழுந்தது. நல்லாச் சாப்பிட்ட 46 வயசு உடம்பு பன்னிரண்டு சுற்று நின்றது!

'சாப்பாடு மட்டும்தான் காரணமா?' என்று கேட்டால், இல்லை. பயிற்சி, வேகம், இடது கைப் பழக்கம், நெஞ்சுறுதி எல்லாம் உண்டு. ஆனால் அவை எல்லாம் 1999-லும் அவரிடம் இருந்தவைதானே? அன்றைக்கு இல்லாதது உடம்பில் தெம்பு.

இதே பாடத்தை மறுபக்கமாகவும் பாருங்கள். 2008 டிசம்பரில் அவரோடு மோதியவர் அமெரிக்காவின் ஆஸ்கார் டி லா ஹோயா. அவரைவிட உயரமானவர், அதிக எடைப் பிரிவுகளில் ஆடி வந்தவர். இந்தச் சண்டைக்காக, ஏழு வருஷமாக ஆடாத 147 பவுண்டுப் பிரிவுக்கு இறங்கினார். தராசில் 145 காட்டியது, பாக்கியாவ் 142. சண்டை நாளன்று மேடை ஏறும்போது பாக்கியாவ் 148.5, டி லா ஹோயா 147. சின்ன ஆள் சாப்பிட்டுத் தேறிவிட்டார். பெரிய ஆளுக்குப் போன தெம்பு திரும்பவில்லை. எட்டுச் சுற்று முடிந்ததும் நாற்காலியிலிருந்து எழாமலேயே தோல்வியை ஒப்புக்கொண்டார். அதுதான் அவருடைய கடைசிச் சண்டை.

எடை எங்கே போகிறது?

இப்போது மருத்துவ விஷயத்துக்கு வருவோம். இரண்டு நாளில் இரண்டு கிலோ குறைப்பது எப்படி? மிகச் சுலபம். தண்ணீர் குடிக்காதீர்கள், உப்பை நிறுத்துங்கள், பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கொண்டு ஓடுங்கள், நீராவி அறையில் உட்காருங்கள். குறைந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. அவ்வளவுதான் ரகசியம்! பெரும்பாலான தொழில்முறைக் குத்துச்சண்டைகளில் முந்தின நாளே எடை பார்த்துவிடுவார்கள். அதனால் முதலில் காய்வது, எடை பார்த்தபின் குடித்துத் தேறுவது என்று ஒரு வித்தையாகவே இதை வைத்திருக்கிறார்கள்.

ஆனால் போனது கொழுப்பா? இல்லவே இல்லை. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. நம் வீட்டில் ஒருவர் ஒரு நாளில் சாப்பிடுவது ஏறக்குறைய 2,000 கலோரி. அப்படியென்றால் முழுப் பட்டினி கிடந்தாலும் மூன்று, நான்கு நாளில்தான் ஒரு கிலோ கொழுப்பு கரையும். ஒரே ராத்திரியில் குறைந்த எடை நீர்தான். நீர் போனால் ரத்தம் சுண்டுகிறது. சுண்டின ரத்தத்தைத் தள்ள இதயம் வேகமாக அடிக்கிறது. வியர்வைக்கு நீர் இல்லாததால் உடம்புச் சூடு ஏறுகிறது. தசை பிடித்துக்கொள்கிறது, கண் இருட்டுகிறது.

இதில் உயிரே போயிருக்கிறது. 1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள், எடைக்காக வெப்ப அறையில் நீராவி வெளியேறாத உடை போட்டுப் பயிற்சி செய்து, ஐந்து வாரத்துக்குள் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். மூவருக்கும் வயது 19-லிருந்து 22-க்குள். யாரும் அவர்களை அடிக்கவில்லை. அதன் பிறகுதான் கல்லூரிப் போட்டிகளில் அந்த உடைகளுக்கும் வெப்ப அறைகளுக்கும் தடை வந்தது.

நம் நாட்டு வினேஷ் போகத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2024 ஆகஸ்டில், பாரிஸ் ஒலிம்பிக் மல்யுத்த இறுதிப் போட்டி நாளன்று, 50 கிலோவுக்கு மேல் நூறு கிராம் இருந்ததால் தகுதி இழந்தார். ராத்திரி முழுக்கக் காய்ந்தார், தலைமுடியைக்கூட வெட்டினார்கள். கடைசியில் நீர்ச்சத்து இழந்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. நூறு கிராமுக்காக நாம் எல்லோரும் வருத்தப்பட்டோம். அந்த ராத்திரி அவர் உடம்பு பட்ட பாட்டை எத்தனை பேர் நினைத்தோம்?

சித்த மருத்துவம் சொல்வது

பாளையங்கோட்டையில் நாங்கள் படிக்கும்போது ஆரம்பத்திலேயே சொல்லித்தந்த பாடம், பதினான்கு வேகங்கள். அடக்கினால் நோய் தரும் இயற்கை உந்துதல்கள் அவை. பசியும் நீர்வேட்கையும், அதாவது தாகமும், அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, எலும்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம் என்று உடல் தாதுக்கள் ஏழு. இதில் முதலாவது சாரம். சாப்பாட்டிலிருந்து வருகிற அந்தச் சாரம் நன்றாக இருந்தால்தான் மற்ற ஆறும் தேறும். தண்ணீரையும் சோற்றையும் நிறுத்துகிறவர், நாலாவதாக உள்ள கொழுப்பைக் கரைக்கிறேன் என்று முதல் இரண்டையும் வற்ற வைக்கிறார். அஸ்திவாரத்தைத் தோண்டிவிட்டு மாடியைச் சீர் செய்கிற வேலை இது!

வேதனை என்னவென்றால், நம் மருத்துவத்தின் பெயரைச் சொல்லியே இந்தக் காரியம் நடக்கிறது. 'பத்து நாளில் பத்துக் கிலோ' என்று விளம்பரம் செய்கிற சூரணங்கள் சிலவற்றில் இருப்பது பேதிச் சரக்குதான். தினமும் நாலு தடவை போனால் எடை குறையாமல் என்ன செய்யும்? சித்த மருத்துவத்தில் பேதி கொடுப்பது வாதத்தைச் சமன்படுத்த. அதுவும் நாள் பார்த்து, ஆள் பார்த்து, மருத்துவர் முன்னிலையில். எடையைக் குறைக்கத் தினமும் பேதி என்று எந்த ஆசானும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

உங்கள் வீட்டுத் தராசு

"டாக்டர், அடுத்த மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். அதுக்குள்ள ஏழு கிலோ குறையணும். ஏதாவது கொடுங்க" என்று அம்மாக்கள் கேட்கிறார்கள். "பையன் ஜூனியர் கபடி ஆடறான் சார், ரெண்டு கிலோ கூட இருக்கு. ரெண்டு நாள் சாப்பாடு கொடுக்காம வச்சிருக்கோம்" என்று அப்பாக்கள் பெருமையாகவே சொல்கிறார்கள். அந்தப் பெண்ணும் பையனும்தான் எனக்கு 1999-ன் பாக்கியாவ். வளர்கிற உடம்பை வளராத எண்ணுக்குள் திணிக்கிறோம்.

சில விஷயங்களை மட்டும் மனசில் வையுங்கள்.

வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். கல்யாணத்துக்கு ஏழு கிலோ குறைய வேண்டுமென்றால் நாலு மாதம் முன்பே ஆரம்பியுங்கள். எண்ணெய்ப் பலகாரத்தையும் இனிப்பையும் குறைத்து, காய்கறி, பயறு, கம்பு, கேழ்வரகு, மோர் என்று மாற்றுங்கள். தினமும் வியர்க்க நடக்கட்டும். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள்.

எடை எல்லைக்குட்பட்ட விளையாட்டில் பிள்ளை இருந்தால், எந்தப் பிரிவில் ஆடுவது என்று பயிற்சியாளரும் மருத்துவரும் சேர்ந்து பல மாதம் முன்பே முடிவு செய்யட்டும். வளர்ந்துவிட்டானா? மேல் பிரிவுக்கு அனுப்புங்கள். அது தோல்வி இல்லை.

சிறுநீர் அடர்மஞ்சளாகப் போவது, தலைசுற்றல், பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவது: இவை உடம்பு அடிக்கிற மணி. உடனே பட்டினியை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் சொந்தமாக எந்த எடைக் குறைப்பு மருந்தும் சாப்பிடவே கூடாது.

'இளைத்தவனுக்கு எள், கொழுத்தவனுக்குக் கொள்' என்று நம் பாட்டிமார் சொன்னது ஆள் பார்த்துத்தான். எதிர்வீட்டுப் பெண்ணின் 50 கிலோ உங்கள் பெண்ணுக்குப் பொருந்த வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

குத்துச்சண்டைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தலையில் குத்து வாங்குகிற எந்த விளையாட்டையும் ஒரு மருத்துவனாக நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் பாக்கியாவிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. தராசு 'அதிகம்' என்று சொன்னபோது, அவர் உடம்பைக் குறைத்துக்கொள்ளவில்லை, பிரிவை மாற்றிக்கொண்டார்.

தராசு எடையைத்தான் சொல்லும், தெம்பைச் சொல்லாது. இன்று ராத்திரி உங்கள் பிள்ளை 'பசிக்குதும்மா' என்று வந்தால், தராசைப் பார்க்காதீர்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்துத் தட்டை வையுங்கள்.