அவசர அடி வேண்டாம், நிதான அடி வேண்டும்!

மேலூர்ப் பக்கம் கல் உடைக்கும் தோழரைக் கேட்டுப் பாருங்கள். கண்மண் தெரியாமல் சுத்தியலை ஓங்கினால் கல் பிளக்காது, கைதான் வலிக்கும் என்பார். சிறுநீரகக் கல்லை அதிர்வலையால் உடைக்கும் மருத்துவமும் இதே பாடத்தைத்தான் படித்திருக்கிறது. அதை நம் தோழர்கள் அறிய வேண்டும்.

வெயிலுக்குப் பேர்போன பூமி நம்முடையது. சூளையிலும் சாரத்திலும் சுமையிலும் வியர்வை ஆறாக ஓடும். குடிக்கும் தண்ணீரோ கொஞ்சம். சிறுநீர் கெட்டியாகிறது, உப்பு உறைகிறது, கல் பிறக்கிறது. அது நகரும்போது எழும் வலி, மலையைப் புரட்டும் உழைப்பாளியையும் மண்ணில் புரள வைத்துவிடும்.

கத்தி வைக்காமல் அந்தக் கல்லை உடைக்க வழி பிறந்தது ஜெர்மனியில். வானூர்திகளைத் தாக்கும் அதிர்வலைகளை ஆராய்ந்த டோர்னியர் நிறுவனத்தின் துணையோடு, டாக்டர் கிறிஸ்டியன் சௌசியும் அவரது குழுவினரும் 1980 பிப்ரவரியில் மியூனிக் நகரில் முதல் நோயாளிக்கு இச்சிகிச்சையைச் செய்தனர். உடலுக்கு வெளியே எழும் அலை, தோலையும் தசையையும் கடந்து, கல்லின்மேல் குவிந்து அதைப் பொடியாக்குகிறது. பொடி சிறுநீரோடு வெளியேறுகிறது. 2 சென்டிமீட்டருக்கு உட்பட்ட பல கற்களுக்கு இன்றும் இது ஏற்ற வழிகளுள் ஒன்று.

ஆனால், தோழர்களே, எந்திரம் ஒன்று. பலனோ வேறு வேறு! ஏன்? நிமிடத்துக்கு 120 அடி என்றால் 3,000 அடி 25 நிமிடத்தில் முடிந்துவிடும். 60 அடி என்றால் 50 நிமிடம் ஆகும். கனடாவின் டொரண்டோ நகர மருத்துவர்கள் இவ்விரு வேகங்களையும் ஒப்பிட்டு, 2005-இல் முடிவை வெளியிட்டனர். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, வேக அடியில் பலன் கண்டவர் நூற்றுக்கு 61. நிதான அடியில் நூற்றுக்கு 75! காரணம் எளிது. ஒவ்வோர் அடியும் கல்லைச் சுற்றி நுண்குமிழிகளை எழுப்புகிறது. அவை கலையுமுன் அடுத்த அடி வந்தால், அதன் வலுவைக் குமிழிகளே விழுங்கிவிடுகின்றன.

இன்னும் கேளுங்கள். குறைந்த விசையில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றினால் சிறுநீரகத்துக்கு ஏற்படும் காயம் குறைகிறது. தோலுக்கும் எந்திரத்துக்கும் நடுவே தடவும் பசையில் காற்று தங்கினால் அலை தடைபடுகிறது. ஆகவே காற்றை நீக்கிப் பூச வேண்டும். கோடி ரூபாய் கேட்கும் சீர்திருத்தங்களா இவை? நேரம் கேட்கின்றன, கவனம் கேட்கின்றன, அவ்வளவே!

அந்த நேரத்தை ஏழைக்குத் தருவது யார்? கல் உடையவில்லை, மறுமுறை வா என்றால், வசதி படைத்தவருக்கு அது இன்னொரு நாள். கூலிக்காரனுக்கோ இன்னொரு நாள் பட்டினி! மதுரைப் பெரியாஸ்பத்திரியை நம்பி, சிவகங்கை, விருதுநகர், இராமநாதபுரம் என்று சீமை முழுவதிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். வரிசை நீண்டால் கையில் அவசரம் ஏறும். எனவே எந்திரமும் பெருக வேண்டும்; இயக்கத் தெரிந்தோரும் பெருக வேண்டும். தோப்பூரில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டியது 2019 சனவரியில். கட்டடப் பணி தொடங்கியதோ 2024-இல்! நிதானம் சிகிச்சைக்குத் தேவை, மருத்துவமனை கட்டுவதற்குமா?

2009-இல் கலைஞர் கொண்டுவந்த காப்பீட்டுத் திட்டம், ஏழைக்கு உயர் சிகிச்சையின் கதவைத் திறந்துவிட்டது. கதவு திறந்தால் போதாது, உள்ளே தரமும் வேண்டும். காப்பீட்டுப் பணம் பெறும் ஒவ்வொரு மருத்துவமனையும், எந்த வேகத்தில் அடித்தது, எந்த விசையில் தொடங்கியது, மூன்று மாதம் கழித்துக் கல் போயிற்றா என்று பதிந்து காட்டட்டும். ஆட்சியில் எவர் இருப்பினும் இதைக் கேட்போம்.

கிளைக் கழகத் தோழர்களே! கல் நோயாளிக்குத் துணையாகச் செல்லும்போது, “நிதானமாகச் செய்யுங்கள் ஐயா” என்று மருத்துவரிடம் பணிவோடு கேளுங்கள். உடைந்த கல் மீண்டும் வளராதிருக்க, வேலைத்தளத்தில் குடிநீரும் கழிப்பறையும் வேண்டுமென்று முதலாளியிடம் உரிமையோடு கேளுங்கள். கல்லைக் கரைக்க நிதானம் வேண்டும். கல்நெஞ்சைக் கரைக்கப் போராட்டம் வேண்டும்!