குளியல் தொட்டிக்கு மேடை

ஐந்தரை அடி அக்ரிலிக் குளியல் தொட்டியை இரண்டு பேர் சிரமமில்லாமல் மாடிக்குத் தூக்கிவிடலாம். அதில் 180 லிட்டர் தண்ணீர் நிரம்பி, ஓர் ஆளும் உட்கார்ந்தால் மொத்த எடை 280 கிலோவை நெருங்கும். மேடையைத் திட்டமிட வேண்டியது இந்த எடைக்குத்தான்.

வீட்டுக் குளியலறைத் தளத்துக்கு ஐ.எஸ். 875 தரவிதி சொல்லும் பயன்பாட்டுச் சுமை, சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. நிரம்பிய தொட்டி, தான் அமரும் இடத்தில் இதைச் சற்றே தாண்டிவிடும். ஆகவே மேடைக்குள் மண்ணையும் செங்கல் கட்டிகளையும் கொட்டி நிரப்பி, வீண் பாரம் ஏற்றக் கூடாது. வார்ப்பிரும்புத் தொட்டி என்றாலோ, கட்டடம் பழையது என்றாலோ பொறியாளரிடம் காட்டிவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

அடுக்குமாடி வீடுகளில் குளியலறைத் தளத்தைத் தாழ்த்தி வார்த்து, பள்ளத்தைச் செங்கல் ஜல்லியால் நிரப்புவது வழக்கம். இந்த நிரப்பின் மீது நேரடியாகச் சுவர் எழுப்பினால் அது அமுங்கி, தொட்டி ஒரு பக்கம் சாயும். சுவர் கான்கிரீட் தளத்திலிருந்தே எழ வேண்டும். அதற்கு முன் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசி, ஒரு நாளாவது தண்ணீர் தேக்கிப் பார்ப்பது அவசியம்.

சுற்றிலும் நாலரை அங்குலச் சுவர், நடுவில் குறுக்குச் சுவர் ஒன்றோ இரண்டோ போதும். செங்கலை நனைத்து, ஒன்றுக்கு நான்கு கலவையில் கட்டி, ஒரு வாரம் தண்ணீர் காட்ட வேண்டும். உள்தரைக்கு வடிகாலை நோக்கி வாட்டம் தேவை.

எடை தொட்டியின் அடிப்பாகம் வழியாகவே இறங்க வேண்டும். விளிம்பு சுவரில் தொங்கினால் அக்ரிலிக் நாளடைவில் விரிசல் விடும். கால்களோடு வரும் தொட்டி என்றால் கால்கள் கெட்டித் தரையில் நிற்க, செங்கல் சுவர் வெறும் மறைப்பாக இருக்கும். கால் இல்லாததற்கு அடியில் கலவை மெத்தை பரப்பி, விளிம்பில் ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து அமர்த்த வேண்டும்.

கழிவுக்குழாய் இணைப்புக்கு எதிரே ஓரடிச் சதுரத் திறப்பு விட்டு, கழற்றக்கூடிய மூடி போட வேண்டும். இல்லையென்றால் சிறு கசிவுக்கும் டைல்ஸை உடைக்க நேரும். விளிம்பு தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் உயர்ந்தால், வழுக்காத படி ஒன்று வேண்டும்.

கடைசி வேலை, விளிம்புக்கும் சுவருக்கும் இடையே சிலிக்கான் அடைப்பது. தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அது எடையில் நன்றாக அமர்ந்த நிலையிலேயே அடைத்து, சிலிக்கான் இறுகிய பிறகு தண்ணீரை வடிக்க வேண்டும். காலித் தொட்டியில் அடைத்தால் முதல் குளியலிலேயே இணைப்பு விட்டுப்போகும்.