ஆராதனா பாட்டும் இந்தித் திணிப்பும்

"இந்தி வேணாம்பீங்க, ஆனா ஆராதனா பாட்டு மட்டும் இனிக்குதாக்கும்?"

வருசத்துக்கு நாலு தடவையாவது யாராச்சும் இப்படிக் கேட்டுடறாங்க. 2025-ல மும்மொழிக் கொள்கைச் சண்டை சூடா ஓடினப்பவும் கேட்டாங்க. மடக்கிட்டோம்னு அவங்களுக்கு ஒரு சந்தோசம். எனக்கென்னவோ அந்தப் பாட்டே நம்ம பக்கத்துச் சாட்சின்னுதான் படுது.

வருசக் கணக்கைப் பாருங்க. 1965-ல இந்தி எதிர்ப்புப் போராட்டம். 1968 ஜனவரியில சட்டமன்றத்துல இருமொழிக் கொள்கைத் தீர்மானம். அடுத்த வருசமே, 1969-ல, சக்தி சமந்தாவோட 'ஆராதனா'. எஸ்.டி.பர்மன் இசை, கிஷோர் குமார் குரல். ராஜேஷ் கன்னா ஜீப்புல, ஷர்மிளா டாகூர் டார்ஜிலிங் பொம்மை ரயில்ல. தமிழ்நாடு அந்தப் படத்தைத் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடுச்சு. 1974-ல சிவாஜி நடிச்சு 'சிவகாமியின் செல்வன்'னு தமிழ்லயே வந்தது. எம்.எஸ்.வி. நல்லாத்தான் போட்டிருந்தார். ஆனாலும் அந்த ரயில் பாட்டு மனசை விட்டு இறங்கல.

எங்க கோவில்பட்டிப் பக்கமும் இதே கதைதான். தீப்பெட்டி ஆபீசுல வேலை பார்த்த அத்தைமாருக்கும், கரிசக்காட்டுல பருத்தி எடுத்த மாமாமாருக்கும் இந்தியில ஒத்த வார்த்தை தெரியாது. கல்யாண வீட்டு மைக் செட்டுல கேட்டதுதான். எங்க பெரியப்பா வார்த்தை வராத இடத்துல எல்லாம் 'லல்லல்லா' போட்டு நிரப்பிடுவார். மெட்டு மட்டும் ஒரு இடத்துலயும் பிசகாது. காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்த ஊரு இது. நாதஸ்வரத்துல வார்த்தை ஏது? வார்த்தை இல்லாமலே உருகிப் பழகின காதுக்கு கிஷோர் குமார் எப்படி அந்நியமாவார்?

இதுல ஒரு வேடிக்கை. ஷர்மிளா அப்போ சத்யஜித் ராய் படத்துல இருந்ததால, அவங்க பகுதியைத் தனியா ஸ்டுடியோவுல எடுத்தாங்களாம். ஜீப் ஒரு இடம், ஜன்னல் ஒரு இடம். இருந்தும் அந்தக் காதலை நாம நம்பலியா? நாமளும் அப்படித்தான். பாஷை அங்க, நாம இங்க.

விருந்தாளியா வந்தா இலை போட்டுச் சோறு. வீட்டுக்கே பட்டா கேட்டு வந்தா பேச்சே வேற. அந்தப் பாட்டு நம்மகிட்ட எதையும் கேக்கல. பாடப் புத்தகமா வர்ற இந்தி அப்படியில்ல. மார்க் கேக்கும், பிள்ளைங்களோட நேரத்தைக் கேக்கும், பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டிய காசை நிறுத்தி வச்சுட்டு 'கையெழுத்துப் போடு'ன்னும் கேக்கும்.

இந்தி தேவைப்படுறவங்க தாராளமாப் படிக்கட்டும். 1918-ல ஆரம்பிச்ச தட்சிண பாரத இந்தி பிரச்சார சபா சென்னையில இன்னைக்கும் பரீட்சை நடத்துது. பிரியப்பட்டவங்க எழுதுறாங்க. யாரும் தடுக்கல.

ஒண்ணே ஒண்ணு யோசிச்சுப் பாருங்க மக்கா. அந்தப் பாட்டை மனப்பாடப் பகுதியில சேர்த்து, அடி பிறழாம எழுதலேன்னா ஃபெயில்னு சொல்லியிருந்தா, எங்க பெரியப்பா அதை முணுமுணுத்திருப்பாரா? :-)