டிரங்குப் பெட்டியில் கிடைத்த குழந்தைப் பருவம்

"அம்மா, நீ சின்ன வயசிலே எப்படி இருந்தே?" என்று நம் குழந்தைகள் கேட்டால், நம்மில் பலருக்குப் பதில் சொல்வதில் சிரமம் இருக்காது. பிறந்த வீடு, விழுந்த திண்ணை, ஏறிய கொய்யா மரம் எல்லாம் ஊரில் இருக்கும். மரத்தை வெட்டியிருந்தாலும், "இவ ரெண்டு வயசிலே என் மோர்ப்பானையைக் கவிழ்த்தவளாச்சே!" என்று சொல்லப் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருத்தியாவது இருப்பாள். மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தியது பெரும்பாலோருக்கு ஞாபகத்தில் நிற்பதில்லை என்கிறார்கள் மனவியல் வல்லுனர்கள். அந்தக் காலி இடத்தை நிரப்பி வைப்பது இந்தப் பாட்டிகள்தான்.

பட்டாளத்துக்காரர் வீட்டுக் குழந்தைகளுக்கு அந்தப் பாட்டி கிடையாது. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த பஞ்சாபி அம்மா ஒரு திசை, மலையாள அக்கா ஒரு திசை. நம்மைத் தூக்கி வளர்த்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்களோ! மிஞ்சுவது போட்டோக்கள்தான்.

என் அப்பா மதராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர். அவர் 2019-ல் காலமான பிறகு, அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டி என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் நம்பரும் பெயரும். உள்ளே ஒரு பழைய ஸ்வெட்டர், பூட் பாலிஷ் டப்பா, சர்வீஸ் காகிதங்கள், ஒரு பிஸ்கட் டின் நிறையப் போட்டோக்கள். எண்ணிப் பார்த்தேன், 43 இருந்தன. பின்னால் தேதி எழுதியிருந்தது ஆறே ஆறில்தான்.

நான் ப்ளஸ் டூ வரை படித்தவள். ஆராய்ச்சியெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் அரிசியில் கல் பொறுக்கத் தெரிந்தவளுக்கு இதுவும் முடியும் என்று, மத்தியான வேளைகளில் உட்கார்ந்தேன்.

முதலில் அப்பாவின் சட்டைக் கையைப் பார்த்தேன். ஒரு பட்டை இருந்தால் லான்ஸ் நாயக், இரண்டு இருந்தால் நாயக், மூன்று என்றால் ஹவில்தார். பதவி உயர்வு வந்த தேதிகள் சர்வீஸ் காகிதங்களில் இருந்தன. பட்டையை எண்ணியே போட்டோக்களை மூன்று கட்டாகப் பிரித்துவிட்டேன்.

அடுத்தது என் வாய்! கீழே இரண்டு முன்பல் மட்டும் தெரிந்தால் ஆறு மாதத்திலிருந்து பத்து மாதத்துக்குள் என்று வைத்துக் கொள்ளலாம். அந்தப் பற்களே விழுந்து ஓட்டையாய்ச் சிரித்தால் ஆறு வயசை ஒட்டி. தேதி எழுத மறந்தாலும் குழந்தையின் பல் மறக்காது, தாய்மார்களே!

சட்டைத்துணியும் சாட்சி சொல்லும். ஒரே கவுன் இரண்டு போட்டோவில் வந்து, இரண்டிலும் அது ஒரே அளவாக உடம்பில் நின்றால், இரண்டும் அதே சில மாதங்களில் எடுத்தவை.

இப்படியே அடுக்கிக்கொண்டு வந்தபோது என் முதல் ஆறு வருஷமும் மெல்ல எழுந்து வந்தது. மலைச்சரிவில், குல்லா போட்ட கைக்குழந்தையோடு அம்மா நிற்கிற கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து, "இது ஊட்டி டூரா பாட்டி?" என்று கேட்டாள் என் பெண். "டூராவது ஒண்ணாவது! அதுதான் உங்கம்மா பொறந்த ஊரு, வெலிங்டன். அங்கேதான் தாத்தாவோட ரெஜிமெண்ட் சென்டர். மிலிட்டரி ஆஸ்பத்திரியிலே, 1981-லே, விடாத மழையிலே பொறந்தா" என்றார் அம்மா.

1982 கடைசியில் அப்பா வடக்கே பீல்டு ஏரியாவுக்குப் போனார். அங்கே குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வேலூர் பக்கத்திலுள்ள தாத்தா வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பாவுக்கு எழுதும் கவரில் நம்பர், பெயர், யூனிட், பிறகு '56 ஏ.பி.ஓ.' அவ்வளவுதான். ஊர்ப் பெயர் கிடையாது. புருஷன் எந்த மலையில் நிற்கிறான் என்று தெரியாமலே மாதக்கணக்கில் கடிதம் எழுதியவர்கள் அந்தக் காலத்துப் பட்டாளத்து மனைவிகள்.

1984-ல் அப்பா இரண்டு மாத லீவில் வந்தார். அப்போது எடுத்த படங்கள் இரண்டு. முதல் படத்தில் அப்பா வாசலில் யூனிபாரத்தோடு கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். நான் தாத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்துகிறேன். "யாரோ மாமா வந்திருக்கார், போகச் சொல்லு" என்று அழுதேனாம். உறவில் கல்யாணம், காட்சி என்றால் இதைச் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை. அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டேன்: "அப்பாவைப் பத்தி எனக்கு நீ சொன்னதே இல்லையாம்மா?"

"சொல்லாமே என்ன? தினம் ராத்திரி அவர் போட்டோவைக் காட்டி, அப்பாவுக்கு முத்தம் குடுன்னு சொல்லித்தானே தூங்க வைப்பேன். நீ குடுப்பே. உனக்கு அப்பான்னா அந்தப் போட்டோதான். வாசல்லே நின்னவரை எப்படித் தெரியும்?"

எனக்குத் தொண்டையை அடைத்தது. இத்தனை வருஷமாய்ச் சிரித்த கதைக்கு உள்ளே இப்படி ஒன்று இருந்திருக்கிறது.

இரண்டாவது படம், அதே பூப்போட்ட கவுன். அப்பாவின் கறுப்பு பூட்ஸுக்குள் காலை விட்டு, தொடை வரைக்கும் பூட்ஸாக நான் நிற்கிறேன். "உன்னை யாரும் அவர்கிட்டே போகச் சொல்லலை. அவர் பாட்டுக்குத் திண்ணையிலே உக்காந்து பாலிஷ் போடுவார். மூணாம் நாள் நீயே போய் பூட்ஸிலே இறங்கிட்டே" என்றார் அம்மா.

இந்தப் படத்துக்கு மட்டும் இரண்டு பிரதி. டின்னில் இருந்தது புத்தம் புதுசு. இன்னொன்று அப்பாவின் சர்வீஸ் காகிதங்களுக்கு நடுவே நாலாக மடித்துக் கிடந்தது. மடிப்பெல்லாம் வெளுத்து, மூலையெல்லாம் தேய்ந்து. பின்னால் அம்மாவின் கையெழுத்து: "உங்கள் பூட்ஸைக் கேட்டு இன்னும் அழுகிறாள்." லீவு முடிந்து போன பிறகு தபாலில் அனுப்பியிருக்கிறார். அதை எத்தனை தடவை பிரித்து மடித்திருந்தால் மடிப்பு இப்படிக் கிழிகிற மாதிரி ஆகியிருக்கும்!

பிறகு செகந்திராபாத் குவார்ட்டர்ஸ். ஹோலிச் சாயம் பூசிய முகங்கள், ஸ்கூல் யூனிபாரம். அந்தக் கலர்ப் படங்கள் எல்லாம் செம்மண் நிறத்துக்கு மாறிவிட்டன. 1987 கடைசியிலிருந்து இரண்டு வருஷத்துக்குப் போட்டோவே இல்லை. அமைதிப் படையில் அப்பா இலங்கையில் இருந்த காலம் அது. 1987 ஜூலையிலிருந்து 1990 மார்ச் வரை அங்கே இருந்த அந்தப் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் உயிர் இழந்தார்கள். "தந்தி வந்துடுமோன்னு வாசலைப் பாத்துட்டிருந்தேன். போட்டோ எடுக்க மனசு எங்கே வரும்?" என்றார் அம்மா. போட்டோ இல்லாமல் இருப்பதும் ஒரு சேதிதான் என்று அன்று தெரிந்து கொண்டேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு இப்போது மறதி வர ஆரம்பித்திருக்கிறது. காலையில் சாப்பிட்டது சில நாள் நினைவில்லை. "இது யார், சொல்லும்மா" என்று பரீட்சை வைத்தால் முகம் வாடிவிடுகிறது. "இந்தப் புடவை நல்லாருக்கே, எங்கே எடுத்தது?" என்று கேட்டால், புடவையில் ஆரம்பித்துக் கடை, கூட வந்த சிநேகிதி, அன்றைக்குப் பெய்த மழை வரை வருகிறது. வீட்டில் பெரியவர்கள் இருக்கிறவர்கள் இப்படிக் கேட்டுப் பாருங்கள். அடுத்த லீவுக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.

போட்டோவின் பின்னால் பால் பாயிண்ட் பேனா வேண்டாம். அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மையும் ஊறும். மெத்தென்ற பென்சிலால் லேசாக யார், எங்கே, எந்த வருஷம் என்று எழுதுங்கள். கிழிந்த படத்துக்கு செல்லோ டேப், கோந்து கூடாது. ஒட்டும் தாள் வைத்த ஆல்பத்தில் பழைய படம் இருந்தால் பிய்த்து இழுக்காதீர்கள். பிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தையும் அப்படியே விட்டு, கண்ணாடி மேலேயே செல்போனில் படம் எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் போதும், பிளாஷ் வேண்டாம். பரண் சூடும் ஈரச் சுவரும் போட்டோவுக்கு எமன். வெள்ளைக் காகித உறையில் போட்டு பீரோவின் நடுத்தட்டில் வையுங்கள்.

கணவர் எல்லையிலோ, வளைகுடாவிலோ, கப்பலிலோ இருக்கும் இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் செல்போனில் ஆயிரம் படம் இருக்கும். எடுத்த தேதியை அது சொல்லும், அன்றைக்குக் குழந்தை என்ன சொல்லி அழுதது என்று சொல்லாது. மாதம் ஒரு படமாவது பிரிண்ட் போட்டு, பின்னால் ஒரு வரி எழுதி வையுங்கள். அப்பா லீவில் வந்ததும் குழந்தை ஓடி ஒளிந்தால் கையில் திணிக்காதீர்கள். அது அவரை வெறுப்பதில்லை, பழக நேரம் கேட்கிறது. அவரைக் குழந்தையின் பக்கத்தில் ஏதாவது வேலை பார்த்துக்கொண்டு சும்மா உட்காரச் சொல்லுங்கள். இரண்டு நாளோ, பத்து நாளோ, அதுவே வரும்.