பியூசி மாணவருக்குக் கல்லூரி கிரெடிட்: முன்னோடி நம் ஊரிலேயே இருக்கிறது

பசவனகுடி நேஷனல் கல்லூரியிலும் மல்லேஸ்வரம் எம்.இ.எஸ். கல்லூரியிலும் பியூசியும் (11, 12ஆம் வகுப்புகள்) பட்ட வகுப்பும் ஒரே நிர்வாகத்தின் கீழ் நடக்கின்றன. பெங்களூரில் இப்படிப்பட்ட கல்லூரிகள் பல. இரண்டாம் பியூசி படிக்கும் ஒரு மாணவி, பி.எஸ்சி. முதல் செமஸ்டரின் புள்ளியியல் தாளை எழுதித் தேறக்கூடியவள் என்று அவளுடைய விரிவுரையாளருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் பட்ட வகுப்பில் சேர பியூசி தேர்ச்சி வேண்டும். அதற்கு முன் அவள் எதைப் படித்தாலும் பல்கலைக்கழகக் கணக்கில் ஏறாது. இதே நகரத்தின் சர்வதேசப் பள்ளிகளில் படிப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஏ.பி. தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல அதற்குக் கிரெடிட் தருகின்றன. கட்டணம் கட்ட வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அயல்நாட்டில் கிடைக்கும் மதிப்பு, அரசு பியூ கல்லூரிப் பிள்ளைக்குச் சொந்த ஊரில் கிடைக்கவில்லை. இந்த இதழை வாசிக்கும் பியூ விரிவுரையாளர்களும் பட்டக் கல்லூரி ஆசிரியர்களும் இதைச் சேர்ந்து பேசியாக வேண்டும்.

தேசிய கிரெடிட் கட்டமைப்பு 2023 ஏப்ரலில் வந்தபோது பள்ளிப் படிப்புக்கும் கிரெடிட் உண்டு என்ற செய்தி பரவியது. ஆண்டுக்கு 1,200 மணி நேரக் கற்றல், அதற்கு 40 கிரெடிட் என்பது அதன் கணக்கு. ஆனால் அது 12ஆம் வகுப்பை 4ஆம் நிலையிலும் பட்டப் படிப்பின் முதல் ஆண்டை 4.5ஆம் நிலையிலும் வைக்கிறது. பள்ளியில் சேரும் கிரெடிட் பள்ளி நிலையின் கிரெடிட்தான். பட்டத்துக்குத் தேவையான 120 கிரெடிட்டில் ஒன்றைக்கூட அது தானாகக் குறைத்துவிடாது. 2021இல் தொடங்கிய கல்விக் கிரெடிட் வங்கியும் சேமித்து வைக்கும் இடம் மட்டுமே. சேமித்ததை எந்தத் தாளுக்கு ஈடாக ஏற்பது என்று முடிவு செய்வது சேர்த்துக்கொள்ளும் நிறுவனம். சென்னை ஐ.ஐ.டி.யின் தரவு அறிவியல் பி.எஸ். படிப்புக்கான தகுதித் தேர்வை 11ஆம் வகுப்பு முடித்தவர்களே எழுதலாம் என்பது நல்ல ஏற்பாடு. அங்கும் 12ஆம் வகுப்பில் தேறிய பிறகே படிப்பில் சேர முடியும்.

பள்ளி மாணவருக்குக் கல்லூரி கிரெடிட் தருவதை நெடுங்காலமாகச் செய்துவரும் நாடு அமெரிக்கா. கனெக்டிகட் பல்கலைக்கழகம் 1955இலேயே உயர்நிலைப் பள்ளிகளில் தன் பாடங்களை நடத்தத் தொடங்கியது. இன்று அந்த நாட்டில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்கள் கல்லூரிப் பாடம் படிக்கிறார்கள். அங்கே பெரிய குறை ஒன்று உண்டு. மாணவர் வேறு கல்லூரிக்குப் போகும்போது கிரெடிட் ஏற்கப்படுகிறது, ஆனால் பல நேரங்களில் முதன்மைப் பாடத்தில் சேராமல் விருப்பப் பாடக் கணக்கில் ஒதுங்கிவிடுகிறது. அப்போது பட்டம் முன்னதாகக் கைக்கு வருவதில்லை.

ஆனால் பாடம் கற்க அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் பாலிடெக்னிக்கில் சேரும் மாணவருக்கு வயது 15 அல்லது 16. மூன்றாண்டு டிப்ளமோ முடித்து டி.சி.இ.டி. நுழைவுத் தேர்வு எழுதினால் அவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரே சேர்கிறார். பியூசி படித்துவிட்டு வந்த மாணவர் முதல் ஆண்டில் படித்தவற்றை, டிப்ளமோ மாணவர் பள்ளி வயதிலேயே படித்துவிட்டார் என்று கர்நாடகம் ஏற்றுக்கொண்டது என்பதே இதன் பொருள். கிரெடிட் என்ற பெயர் புழக்கத்துக்கு வரும் முன்பே நாம் செய்த காரியம் இது. சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய வீடுகளிலிருந்து வந்த பலருக்குப் பொறியியல் பட்டம் எட்டியது இந்த வழியில்தான். இதை நடத்திக்காட்டிய பாலிடெக்னிக் விரிவுரையாளர்களைக் கல்வி விவாதங்களுக்கு யாரும் அழைப்பதில்லை. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

லேட்டரல் என்ட்ரி எனப்படும் இந்த நேரடிச் சேர்க்கை நிலைத்ததற்கு இரண்டு காரணங்களைச் சொல்வேன். முதலாவது, எது எதற்கு ஈடு என்பது மாணவர் சேரும் முன்பே விதியில் இருந்தது. எந்தக் கல்லூரிக்குப் போனாலும் மூன்றாம் செமஸ்டர்தான். அலுவலகக் கதவைத் தட்டிக் கெஞ்ச வேண்டியதில்லை. இரண்டாவது, குறையை யாரும் மூடி மறைக்கவில்லை. டிப்ளமோ கணிதம் பி.இ. முதல் ஆண்டுக் கணிதத்தின் அளவுக்கு வராது. அதனால் இப்படிச் சேர்ந்தவர்களுக்கு விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மூன்றாம், நான்காம் செமஸ்டர்களில் கூடுதல் கணிதத் தாள்களை வைத்தது. அந்தத் தாள்களில் திணறியவர்கள் உண்டு, உண்மைதான். ஆனால் ஓராண்டைக் கொடுத்துவிட்டு இடைவெளியை வெளிப்படையாக நிரப்பச் சொன்ன அந்த நேர்மையைத்தான் பியூசிக்கும் கேட்கிறோம்.

தொடக்கத்துக்கு ஒரே ஒரு தாள் போதும். அடிப்படைப் புள்ளியியலோ கணினி நிரலாக்கமோ, மூன்று அல்லது நான்கு கிரெடிட். ஏற்கெனவே சி.இ.டி., நீட், ஜே.இ.இ. என்று மூச்சுமுட்டும் இரண்டாம் ஆண்டின் நடுவில் இதைத் திணிக்கக் கூடாது; முதல் ஆண்டுக்கும் இரண்டாம் ஆண்டுக்கும் இடையிலான கோடை விடுமுறையில் நடத்தலாம். பாடம் எடுப்பவர் பியூ விரிவுரையாளராகவே இருக்கட்டும். தகுதி போதாது என்று சிலர் சொல்லக்கூடும். பியூ விரிவுரையாளர் தம் பாடத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். அமெரிக்காவின் பெரிய தரச்சான்று அமைப்பு ஒன்று இத்தகைய வகுப்புகளின் ஆசிரியரிடம் எதிர்பார்த்துவந்ததும் அடிப்படையில் அதையேதான். வினாத்தாளும் திருத்தமும் மட்டும் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்க வேண்டும். உள்மதிப்பீட்டை மட்டும் நம்பிக் கிரெடிட் கொடுத்தால் இரண்டே ஆண்டுகளில் அதற்கு மதிப்பு இருக்காது. தேறாத தாள் மாணவரின் பட்டச் சான்றில் ஏறவும் கூடாது. முயன்று பார்த்த 16 வயதுப் பிள்ளைக்கு அது தண்டனையாகிவிடும்.

எனக்குள்ள பெரிய அச்சம் கட்டணம் பற்றியது. ஒருங்கிணைந்த பயிற்சி என்ற பெயரில் காலை முதல் மாலை வரை நுழைவுத் தேர்வுக் கோச்சிங் நடத்தும் தனியார் பியூ கல்லூரிகள் இந்த நகரத்தில் ஏராளம். கிரெடிட்டும் அங்கே ஒரு விளம்பரப் பலகையாக, ரசீதில் இன்னொரு வரியாக மாறிவிட்டால், நாம் மாற்ற நினைத்த ஏற்றத்தாழ்வு இன்னும் ஆழமாகும். எனவே முதல் மூன்று ஆண்டுகள் அரசு பியூ கல்லூரிகளில் மட்டும், கட்டணமின்றி, அருகிலுள்ள அரசு முதல்நிலைக் கல்லூரியோடு இணைத்து நடத்த வேண்டும். வசதியான வளாகங்கள் காத்திருக்கட்டும். அவர்களிடம் வேறு வழிகள் இருக்கின்றன. கோடையில் கூடுதலாக உழைக்கும் விரிவுரையாளருக்கு ஊதியம் தர வேண்டும். சேவை என்று சொல்லி அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

இன்னொன்று. தேசியக் கல்விக் கொள்கையை 2021-22இல் நாட்டிலேயே முதலில் நடைமுறைப்படுத்திய மாநிலம் கர்நாடகம். 2024-25இல் மூன்றாண்டுப் பட்டத்துக்குத் திரும்பியதும் இதே மாநிலம்தான். எது சரி என்பது வேறு விவாதம். அந்த மாற்றங்களின் நடுவே மாட்டிக்கொண்டவர்கள் நம் வகுப்பு மாணவர்கள். பியூசி மாணவருக்கு இன்று தரும் வாக்கு, அவர் பட்டம் வாங்கும் வரை, ஐந்து ஆண்டுகளாவது செல்லுபடியாக வேண்டும். ஆகவே இது துறைச் சுற்றறிக்கையாக வந்தால் போதாது. 2017இல் பெங்களூர் பல்கலைக்கழகத்தைப் பிரித்தபோது உருவான மூன்று பல்கலைக்கழகங்களும் ஒரே ஈட்டுப் பட்டியலைத் தங்கள் ஒழுங்குவிதிகளில் சேர்த்து, எந்தத் தாளுக்கு எந்தத் தாள் ஈடு என்பதை மாணவர் சேரும் முன்பே அச்சிட்டுத் தர வேண்டும். அந்தப் பட்டியலின் முதல் வரைவைத் தயாரிக்கும் வேலையைப் பாட ஆசிரியர் சங்கங்கள் வரும் கோடைக்கு முன்பே கையில் எடுக்க வேண்டும்.