பழைய நோட்டில் வந்த முன்பணம்

2016 டிசம்பர் 30 அன்று ஒன்றிய அரசு 'பீம்' என்ற பணப்பரிமாற்றச் செயலியை வெளியிட்டது. அண்ணல் அம்பேத்கரின் பெயர் என்று பிரதமர் மேடையில் பெருமையாகச் சொன்னார். பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகளை வங்கியில் செலுத்தவும் அன்றுதான் கடைசி நாள். அதற்கு முந்தைய ஐம்பது நாட்களில் தூத்துக்குடியில் எங்கள் தெருவில் நடந்ததை வைத்துத்தான் அந்தப் பெயரை நான் பார்க்கிறேன்.

எங்கள் தெரு, உப்பளத் தொழிலாளர்களின் தெரு. மழைக்காலம் வந்தால் அளத்தில் வேலை நின்றுவிடும். அடுத்த சீசனுக்கு வருவதாகச் சொல்லி முதலாளியிடம் முன்பணம் வாங்கினால்தான் அடுப்பெரியும். சீசன் தொடங்கியதும் கூலியில் கழிப்பார்கள். கூலி உயர்வு கேட்கவோ வேறு அளத்துக்குப் போகவோ முடியாமல் ஆளைக் கட்டிப்போடுகிற கயிறும் அதுதான்.

நவம்பர் 8 இரவு, நாட்டில் புழங்கிய பணத்தின் மதிப்பில் 86 விழுக்காடு செல்லாது என்றார்கள். அந்த மாதம் மூன்றாம் வாரத்தில் அம்மாவுக்கு முன்பணம் வந்தது: பத்து பழைய 500 ரூபாய் நோட்டுகள். "வேணும்னா வாங்கு, இல்லன்னா புது நோட்டு வரட்டும்" என்றார் கணக்கப்பிள்ளை. தெருவில் பல பெண்களுக்கும் இதே கதை. முதலாளி எந்த வங்கி வரிசையிலும் நிற்கவில்லை. அவருடைய நோட்டுகளோடு எங்கள் பெண்கள் நின்றார்கள்.

வங்கியில் மாற்றித் தந்த தொகை முதலில் 4000, பிறகு 4500, பிறகு 2000. நவம்பர் 24 அன்று அதையும் நிறுத்தினார்கள். அம்மா இரண்டு நாள் நின்றார். இரண்டு நாளும் அவர் முறை வருவதற்குள் பணம் தீர்ந்துவிட்டது. கணக்கில் போட்டால் எப்போது கைக்கு வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் அரிசி இல்லை. கடைசியில் 500க்கு 400 என்று கமிஷனுக்கு மாற்றினார். கணக்கு நோட்டில் கடன் 5000, கையில் கிடைத்தது 4000. மீதி ஆயிரத்துக்கும் வெயிலில் நின்று உப்பு வாரித்தான் கழித்தார்.

15.41 லட்சம் கோடியில் 15.31 லட்சம் கோடி திரும்பி வந்துவிட்டதாக 2018இல் ரிசர்வ் வங்கியே சொன்னது. பிறகு எந்தக் கருப்புப் பணம் ஒழிந்தது?

பத்தாண்டுக்கு ஒருமுறை நோட்டை மாற்றச் சொன்னதே அம்பேத்கர்தான் என்றும் வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள். 1923இல் வெளிவந்த அவருடைய 'ரூபாயின் சிக்கல்' நூலில் அப்படி ஒரு பரிந்துரையே இல்லை. நாணயம் அரசின் விருப்பத்துக்கு ஆடக் கூடாது, மக்கள் கையில் உள்ள ரூபாயின் வாங்கும் சக்தி நிலையாக இருக்க வேண்டும் என்பதே அவர் கவலை. ரூபாய் சரியும்போது விலை ஏறும், கூலி அந்த வேகத்தில் ஏறாது. தொழிலதிபரின் ஆதாயம் கூலிக்காரர் இழந்ததிலிருந்துதான் வருகிறது என்றும் 1925 வாக்கில் அவர் வாதிட்டார். நான் இதைப் படித்தது கல்லூரிக்குப் போன பிறகுதான். அம்மாவின் அந்த ஆயிரம் ரூபாயும் அப்படித்தான் போனது.

2023 மே மாதம், 2000 ரூபாய் நோட்டையும் திரும்பப் பெறுகிறோம் என்று அறிவித்தார்கள். வீட்டில் இருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, இந்த வருஷ முன்பணத்தில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று கணக்குப் பார்த்துச் சொல்லச் சொன்னார்.