எட்டுப் போட்டால் போதுமா?

எட்டுப் போட்டுக் காட்டினால் இருசக்கர வாகன உரிமம் என்ற தேர்வு சமவெளிக்கே பத்தாது. கூடலூர் அருகே நாடுகாணியிலிருந்து கேரளத்தின் வழிக்கடவுக்கு இறங்கும் மலைப்பாதைக்குச் சுத்தமாகப் பத்தாது. கால் ஊன்றாமல் மெதுவாக வளைப்பதைத்தான் எட்டு சோதிக்கிறது. நனைந்த இறக்கத்தில் எந்தக் கியர், எடை முன்சக்கரத்துக்குப் போகும்போது இரண்டு பிரேக்கையும் எப்படிப் பிடிப்பது என்று அது கேட்பதில்லை. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் சுமார் 44 சதவீதத்தினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஆனாலும் காருக்குப் பயிற்சிப் பள்ளி தேடும் நாம், பைக்குக்கு அண்ணனையோ மாமாவையோதான் கூப்பிடுகிறோம்.

மலையில் பிறந்தவனுக்கு வாத்தியார் எதற்கு என்பார்கள். பழக்கம் பிழையையும் சேர்த்தே பழக்கும். பெட்ரோல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும் பழக்கம்தானே. 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் பயிற்சிப் பள்ளி ஆசிரியரிடம் பத்தாம் வகுப்பு, ஐந்தாண்டு அனுபவம், மெக்கானிக் சான்றிதழ் ஆகியவற்றைக் கேட்கின்றன. நல்ல நிபந்தனைகள், ஆனால் காரை மனதில் வைத்தவை. கார் ஆசிரியரின் காலடியில் தனி பிரேக் உண்டு. பைக் ஆசிரியருக்கு வாய்ச்சொல் மட்டுமே. வளைவு வருமுன்பே பிழையைக் கண்டு சொல்லும் திறமைக்குத் தனிப் பயிற்சியும் தனிச் சான்றும் வேண்டும். பிரிட்டனில் 1990 முதல் புதிதாக பைக் ஓட்டுபவர்களுக்குச் சாலைப் பயிற்சி கட்டாயம். தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்குக் கட்டணம் பாரம் என்பது நியாயமான கவலை. கூடலூர் வட்டத்தில் அதை அரசு ஏற்கட்டும், உள்ளூர் இளைஞர்களையே ஆசிரியர்களாக்கட்டும்.